2117-ஆம் மடல்

“டீச்சர், உங்க சர்வர் என் மடல்களை வாங்க மாட்டேங்குது.”

தணிகாசலம் பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். காஞ்சிபுரத்திலிருந்து நாகர்கோவில் வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஹெப்சிபா டீச்சர் அங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவர். தணிகாசலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். குழுவாக மடல் எழுதிக்கொள்ள அந்தக் காலத்தில் இருந்த, எல்லோரும் கைவிட்ட நியூஸ்குரூப் சர்வரை இன்னும் அணைக்காமல் வைத்திருந்தார்.

“என்ன சொல்லுது?”

“ரொம்பப் பழசுங்குது. ஒவ்வொண்ணுக்கும் அதே பதில்.”

டீச்சர் ஒரு கோப்பைத் திறந்தார். பத்து நாளுக்கு மேற்பட்டதை வாங்காதே என்று அதில் ஒரு வரி. பத்தை அழித்துப் பூஜ்யம் போட்டார்.

“பூஜ்யம்னா வரம்பே இல்ல. இனி வாங்கும்.”

டிஸ்க்கை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டினார். அது முனகியது. அதில் இருந்த ஆறாயிரம் மடல்களுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

சென்னை தரமணியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் வேலை பார்த்த காலத்து மடல்கள்; அங்கிருந்த சர்வர் தானாகவே சேர்த்து வைத்தவை. யாராவது ஒரு ஈற்றடி கொடுப்பார்கள், மற்றவர்கள் வெண்பாவை முடிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். டொரான்டோவில் ஒருவர், சிங்கப்பூரில் இருவர், நார்வேயில் பெர்கன் நகரத்தில் யோகேஸ்வரன்.

ஒரு சர்வர் அடுத்த சர்வரிடம், இது உன்னிடம் இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் கொடுத்துவிடும். அப்படியே கைமாறிக் கைமாறி, நார்வேயில் எழுதியது மறுநாள் தரமணிக்கு வந்து சேரும். யார் முடித்திருக்கிறார்கள் என்று பார்க்கவே தணிகாசலம் காலையில் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போய்விடுவார். காப்பி ஆறிப்போகும்.

“நீங்களே அடிங்க சார்.”

அவர் கட்டளையை அடித்தார். எந்த சர்வரிலிருந்து, எந்த சர்வருக்கு, எந்தக் குழு, எந்த எண்கள். ஒன்று முதல் 2116 வரை. பிறகு 2118 முதல் கடைசி வரை.

டீச்சர் திரையைப் பார்த்தார்.

“நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சே?”

“அது வேண்டாம்.”

“கெட்டுப்போச்சா?”

“நான் எழுதினது.”

டீச்சர் எண்டர் விசையைக் காட்டினார். அவர் தட்டினார்.

எண்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு மடலையும் இந்தப் பக்கம் காட்ட, அந்தப் பக்கம் கொடு என்றது. கொடு. கொடு. கொடு. பழைய பெயர்கள் திரையில் மேலேறிப் போயின. சில பெயர்களுக்கு அவரை அறியாமல் தலையாட்டினார்.

கடைசி எண்ணும் போனதும் டீச்சர் தன் சர்வரைத் திறந்து சரிபார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை நின்றது.

“சார், இங்க சில பதில் இருக்கு. எதுக்குப் பதில்னு தேடுனா, அந்த மடலைக் காணல. 2117.”

“அதுக்குத் திட்டித்தான் எழுதியிருப்பாங்க. நிறையப் பேர் திட்டினாங்க. மூணாம் நாளே நான் குழுவை விட்டு வந்துட்டேன். அப்புறம் திறந்தே பார்க்கல.”

“என்ன எழுதியிருந்தீங்க?”

தணிகாசலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“யோகேஸ்வரனோட அம்மா யாழ்ப்பாணத்துல செத்துப்போனாங்க. சண்டை நேரம், அவரால போக முடியல. ஒரு வெண்பா எழுதிப் போட்டார். மூணாம் அடி தளை தட்டுதுன்னு நான் எழுதினேன். துக்கத்துக்கு யாப்புல சலுகை கிடையாதுன்னும் எழுதினேன்.”

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். உட்காருங்கள் என்று கையால் காட்டினார்.

கடைசிப் பதில் நான்காம் நாள் வந்திருந்தது. அனுப்பியவர் யோகேஸ்வரன்.

அந்தக் கால வழக்கப்படி, தணிகாசலம் எழுதிய ஒவ்வொரு வரியையும் முன்னால் அம்புக்குறி போட்டு மேலே வைத்திருந்தார். ஒரு வரியும் குறையவில்லை. சலுகை கிடையாது என்பதும் இருந்தது. அதன் கீழே:

“நீங்கள் சொன்னது சரி. மாற்றிவிட்டேன், பாருங்கோ. அம்மா இருபத்தாறு வருடம் தமிழ் படிப்பித்தவ. பிழையோட அஞ்சலி செய்திருந்தால் கோபிச்சிருப்பா. ஆறுதல் சொல்லி நாற்பது பேர் எழுதினார்கள். பாட்டை எழுத்தெழுத்தாய்ப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். திருத்தினது சரியோ என்று ஒரு வரி எழுதுங்கோ.”

அதற்கும் கீழே, திருத்திய வெண்பா.

தணிகாசலம் அதை மெல்ல வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் அடியில் நிறுத்தினார். சீர் சீராக விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு மறுபடியும் எண்ணினார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் டிஸ்க்கின்மேல் கையை வைத்துச் சூட்டைப் பார்ப்பதுபோல் நின்றார்.

தணிகாசலம் கீபோர்டை இழுத்து, அதே கட்டளையை மறுபடி அடித்தார். எண் இருந்த இடத்தில் விட்டுப்போன ஒன்றை மட்டும் போட்டார்.

கொடு என்றது சர்வர்.

“இவருக்கு நான் பதில் எழுதணும், டீச்சர். ஆனா அவர் இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆச்சு.”

“குழு இருக்கு சார்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தணிகாசலம் ஒரு வரி எழுதினார்.

“மூன்றாம் அடி சரியாக இருக்கிறது, யோகேஸ்வரன்.”