முதுகு பார்க்கும் வரிசை

"டீச்சர், இந்த ஊர்ல என்னோட பேச ஒரு ஆள் கிடையாது."

சொன்னவர் பூவராகன். ஐம்பது தாண்டியவர். செவ்வாய்க் கிரகத்தில் பனிக்கட்டி வெட்டும் குடியிருப்பில் ஏழு வருஷமாக இருக்கிறார்.

அமலோற்பவம் டீச்சர் கீரைத் தொட்டியில் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பூவராகனைவிடப் பதினைந்து வயது இளையவர். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது அவர் வேலை. ஞானி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஓயாமல் ஆள் வருகிறது. பாதிப் பேருக்குப் பதில் சொல்ல மாட்டார். மீதிப் பேருக்கு வேலை சொல்லுவார்.

"அதனால?"

"வடக்குக் குடிலுக்குப் பேர் கொடுத்துட்டேன். நாளைக்குக் காலையில வண்டி."

வடக்குக் குடில் என்பது துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா. ஒரு கட்டில், காற்றை அளக்க நாலு கருவி, ஒரே ஒரு ஆள். போனால் மூன்று வருஷத்துக்குத் திரும்ப முடியாது. முன்னால் போய்வந்தவர் இன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

"பயமா இல்லையா?"

"இங்க மட்டும் என்ன வாழுது? சாப்பாட்டு மேசைல நான் உட்கார்ந்தா பேச்சு நின்னுடுது."

"யாரையாவது ஏதாவது சொன்னீங்களா?"

"நானா? யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்ல டீச்சர். ஒரு சிட்டிகை உப்புகூடக் கேட்டதில்ல."

டீச்சரின் கை நின்றது.

"வெளியே வேலைக்குப் போறீங்களே. முதுகை யார் பார்க்கறது?"

வெளியே போகும் உடைக்குப் பூட்டு முதுகில். போட்டுக்கொண்டவர் கைக்கு எட்டாது. எந்தப் புத்திசாலி செய்தானோ, ரவிக்கைக்குப் பின்னால் கொக்கி வைத்தவன் வம்சமாக இருக்கும். அதனால் கதவருகே எல்லாரும் வரிசையாக நின்று, ஜோடி ஜோடியாக, ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்பார்கள். பட்டையை இழுத்து, பூட்டை அமுக்கி, முதுகில் ரெண்டு தட்டு. தட்டு விழாமல் யாரும் கதவைத் தாண்டுவதில்லை. ஊர் வம்பு முழுவதும் அந்த வரிசையில்தான் நடக்கும்.

பூவராகன் பைக்குள்ளிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்தார். நுனியில் கொக்கி. பக்கத்தில் சின்னக் கண்ணாடி.

"நானே செஞ்சது. வந்த முதல் மாசமே. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் பாருங்க."

டீச்சர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான வேலை."

பூவராகனின் முகம் மலர்ந்தது.

டீச்சர் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் விட்டு முதுகு சொறிந்தார். கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக.

"டீச்சர்!"

"ரொம்ப நாளா எட்டாத இடம்."

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு, கொடுங்க."

"இது இங்கேயே இருக்கட்டும்."

"அப்போ நான் எப்படி வெளியே போறது?"

"மத்தவங்க எப்படிப் போறாங்க?"

"உங்ககிட்ட ஆசீர்வாதம் வாங்கத்தான் வந்தேன்."

"கொடுத்தாச்சு. கிளம்புங்க."

கதவருகே வரிசை நின்றது. இழுப்பும் தட்டும் சிரிப்புமாக இருந்தது. பூவராகன் உடையை மாட்டிக்கொண்டு வழக்கம்போலச் சுவரோரம் நின்றார். கையில்தான் ஒன்றுமில்லை.

வரிசையின் கடைசியில் சந்தனமாரி நின்றாள். துளைபோடும் இயந்திரம் ஓட்டுகிறவள். இயந்திரத்தைவிட அவள் வாய்க்குச் சத்தம் அதிகம்.

பூவராகன் அவளிடம் போனார். திரும்பி நின்று முதுகைக் காட்டினார்.

வரிசை முழுக்கப் பேச்சு நின்றது.

"என்ன சார்?"

"பார்க்கணும்."

"எதை?"

"முதுகை."

"கம்பி எங்கே?"

"டீச்சர் முதுகு சொறியறாங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். பூவராகனுக்குக் காது மடல் சுட்டது. அறைக்கே திரும்பிவிடலாம், ஒரு நாள்தானே, விடிந்தால் வண்டி என்று நினைத்தார்.

பட்டையில் ஒரு இழுப்பு விழுந்தது. வயிறு உள்ளே போயிற்று.

"இந்தக் கோணல்லயா இத்தனை நாளும் வெளியே போனீங்க? போய்ச் சேர்ந்திருந்தா யார் சார் பதில் சொல்றது?"

பூட்டு அமுங்கியது. ரெண்டு தட்டு. சாதாரணத் தட்டு இல்லை. பூவராகன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என் மேல என்னம்மா கோபம்?"

"கேட்கறதைப் பாருங்க! எல்லாரும் ஜோடி சேர்ந்துட்டா நான் ஒருத்தி மிச்சம். தினமும். யாராவது தன் வேலை முடிஞ்சு, ஐயோ பாவம்னு வந்து பார்த்துவிடணும். நீங்க அங்க நின்னு கண்ணாடியில உங்க முதுகை ரசிச்சுக்கிட்டு இருப்பீங்க. நம்ம முதுகு நாறுது போலன்னு நினைச்சுட்டேன்."

"நான்... யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னுதான்..."

"நல்லா வேண்டாம்னீங்க!"

வரிசையில் மறுபடி சிரிப்பு. இந்த முறை பூவராகனுக்கும் உதடு கோணியது.

சந்தனமாரி சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினாள்.

"ம், சீக்கிரம்."

பூவராகன் கையை வைத்தார். பூட்டைச் சுற்றிச் சிவப்புத் தூசி. துடைத்தார். பட்டையை நேராக்கினார். கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையும் அவள் பட்டையில் இருந்ததால் அப்படியே வழியவிட்டார்.

"வடக்கே போறீங்களாமே," என்றாள் அவள், திரும்பாமல். "நாளைக்கு என் முதுகுக்கு யாரு?"

"ஆடாம நில்லும்மா," என்றார் பூவராகன். "நாளைக்குப் பேசிக்கலாம்."