இருதயராஜ் போட்ட குளியலறை

"நம்பிக்கையான காண்ட்ராக்டர் எங்கேம்மா கிடைப்பார்?"

கேட்டவர் தெய்வசிகாமணி. வருஷக்கணக்காக மடத்துக்கு வருகிறார். மாயை எது, முக்தி எது என்றே இதுவரை குடைந்துகொண்டிருந்தவர்.

மடத்தை நடத்தும் வடிவாம்பிகை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு வயது தெய்வசிகாமணியின் வயதில் பாதிதான் இருக்கும்.

"இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணு கேட்டிருக்கீங்க ஐயா. வீட்டுக்கு என்ன ஆச்சு?"

"மாடித் தளம் ஒழுகுது. சுவரெல்லாம் ஓதம். மக தலைப்பிரசவத்துக்கு வரப்போறா. பச்சைக் குழந்தைய அந்த ஈரத்துல எப்படிம்மா போடுறது? போன தடவை வந்த ஆள் பாதிச் சுவரை இடிச்சுப் போட்டுட்டுப் போனவன்தான். போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கிறான்."

இந்த ஈர வீட்டுக்கு மகளை அனுப்பப் போவதில்லை என்று சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே பேச்சு எழுந்துவிட்டது. அந்தப் பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

"இப்ப யாரையாவது பாத்து வெச்சிருக்கீங்களா?"

"மூணு பேர். மூணு பேருமே தேனொழுகப் பேசுறாங்க."

"அவங்க வேலை செஞ்ச வீட்டைக் காட்டச் சொல்லுங்க. கூடவே போங்க."

"சுவரைத் தட்டிப் பாக்கணுமா?"

"சுவரை விடுங்க. வாசலைப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னார். தெய்வசிகாமணி தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"வாசலைப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. நிலையெல்லாம் நல்ல தேக்கு."

வடிவாம்பிகை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சரி, முதல் ஆள்?"

"செல்போன்ல படம் காட்டினார். அரண்மனை மாதிரி வீடு. நேர்ல போலாமான்னேன். வீட்டுக்காரங்க வெளிநாட்டுல இருக்காங்க, பூட்டியிருக்குன்னுட்டார்."

"ரெண்டாவது ஆள்?"

"கூட்டிட்டுப் போனார். தெருமுனையிலயே வண்டிய நிறுத்திட்டார். 'அதோ, பச்சை கேட்டு சார். நீங்க பாத்துட்டு வாங்க, எனக்கு ஒரு போன் பேசணும்'னார். வீடு பளபளன்னு இருந்துது. அவருக்கே வேலையக் குடுத்துடலாம்னு தோணுது."

"மூணாவது ஆள்?"

"இருதயராஜ்னு ஒருத்தர். அந்தக் கதையே வேண்டாம்மா."

"எனக்கு அந்தக் கதைதான் வேணும்."

தெய்வசிகாமணி பெருமூச்சு விட்டார்.

"கேட்டைத் திறந்ததுமே அந்த வீட்டம்மா பிடிச்சுக்கிட்டாங்க. 'வாய்யா இருதயராஜு! நீ பாத்ரூமுக்கு வாட்டம் விட்டிருக்கிற லட்சணத்தைப் பாரு. தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம மூலையில தேங்கி நிக்குது'ன்னு ஒரே சத்தம். கூடப் போன எனக்கே கூசிப்போச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நேரா பாத்ரூமுக்குப் போனார். ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திப் பாத்தார். 'ஆமாக்கா, என் தப்புதான். ஞாயித்துக்கிழமை வந்து டைல்ஸைப் பேத்துச் சரி பண்ணித் தர்றேன்'னார். நீங்களே சொல்லுங்க. பாத்ரூம் தரைக்கு வாட்டம் விடத் தெரியாதவர் என் தளத்துக்கு என்னத்தைப் பண்ணிடுவார்?"

"அந்தம்மா அப்புறம் என்ன செஞ்சாங்க?"

"அங்கதாம்மா எனக்கு ஒண்ணுமே புரியல. அவ்வளவு திட்டினவங்க எங்க ரெண்டு பேருக்கும் காப்பி போட்டுக் குடுத்தாங்க. மாடியில ஒரு ரூம் எடுக்கணும், எப்ப வந்து ஆரம்பிக்கிறேன்னு அவரையே கேக்குறாங்க! திட்டினது நிஜமா, காப்பி நிஜமா?"

வடிவாம்பிகை மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, உங்க சுவரை இடிச்சுப் போட்டுட்டுப் போனாரே, அவர் இன்னிக்கு உங்க வாசல்ல வந்து நிப்பாரா?"

தெய்வசிகாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவனா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என் வாசலுக்கு..."

வாய் அப்படியே நின்றது.

வடிவாம்பிகை எழுந்து உள்ளே போய்விட்டார்.

தெருமுனையிலேயே நின்றுவிட்ட அந்த இரண்டாவது ஆளின் வண்டி தெய்வசிகாமணியின் நினைவுக்கு வந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"இருதயராஜ்ங்களா? ஞாயித்துக்கிழமை முதல்ல அந்த அக்கா பாத்ரூமை முடிங்க. திங்கக்கிழமை நம்ம வீட்டுக்கு வாங்க."