தேக்கிலையில் எழுதிய அழைப்பு

நெல்லிக்காட்டில் வேலம்மா என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது அவள் கொள்கை. மற்றவர்களும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கொள்கை.

சிறுவயதில் குளத்தங்கரையில் ஒன்றாகப் படித்த முப்பத்தொரு பிராணிகள், வருஷத்துக்கு ஒருமுறை அதே கரையில் கூடுவது வழக்கம். போன வருஷக் கூட்டத்தை நடத்தியவன் நரி நாகப்பன். சுற்றுலா வந்தவர்கள் சாலையோரம் வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் தட்டு, தம்ளர், ஜிகினாத் தாள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து ஜோடித்துவிட்டான். கூட்டம் ஒரே நாளில் முடிந்தது. குப்பைதான் முடியவில்லை. ஆமை ஒரு தம்ளருக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் திண்டாடினான்.

"மூணு நாளா பொழுதே விடியலையே!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினான்.

அதனால் இந்த வருஷம் எல்லோரும் ஒருமனதாக ஒரு முடிவு செய்தார்கள். காட்டுக்கு ஒரு கீறல்கூட விழாமல் கூட்டம் நடக்க வேண்டும்.

"சரி, யார் பொறுப்பு?" என்று கேட்டாள் யானை குண்டுமணி.

"நான்!" என்று முள்ளெல்லாம் சிலிர்க்க முன்னால் வந்தாள் வேலம்மா. பக்கத்தில் நின்றவர்கள் மளமளவென்று பின்னால் நகர்ந்தார்கள்.

அன்றே வேலையை ஆரம்பித்தாள். தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றை எடுத்துக் கூர் பார்த்தாள். குரங்கு சுக்கனைக் கூப்பிட்டாள்.

"டேய் சுக்கா, ஓடைப் பக்கம் இளந்தேக்கு ஒண்ணு நிக்குதுல்ல? அதுல நல்ல இலையா பறிச்சுக்கிட்டு வா. முப்பது பேருக்கும் அழைப்பு எழுதணும்."

"கீழே காஞ்ச இலை நிறைய கிடக்கே வேலம்மா. அதுல எழுதக் கூடாதா?"

"காஞ்ச இலையில முள்ளை வச்சா படபடன்னு உடையும். அழைப்புன்னா பார்க்கப் பளிச்சுன்னு இருக்க வேணாமா? பேசாமப் பறி!"

சுக்கன் ஓடினான். வேலம்மா எழுதத் தொடங்கினாள். முதல் விதி: பச்சை இலை எதையும் யாரும் பறிக்கக் கூடாது. இரண்டாவது விதி: தானாக விழுந்த பழத்தைத்தான் தின்ன வேண்டும். மூன்றாவது விதி: புல் மிதிபடாமல் ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். யானைகள் கடைசியில் வர வேண்டும். இப்படி இருபத்திரண்டு விதிகள். கை நடுங்கி ஓர் எழுத்து கோணினாலும் இலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இலை கேட்டாள்.

சுக்கன் முப்பது பேர் வீட்டுக்கும் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"எல்லாரும் ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. என்னைக்குக் கூட்டம்னுதான் கேட்கிறாங்க."

வேலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தேதியை எழுத மறந்துபோயிருந்தாள்! மறுபடி முப்பது அழைப்பு எழுதினாள்.

அடுத்த நாள் கரடி கருப்பையா வந்தான். "தேன் கொண்டு வரலாமா? அதைப் பத்தி விதியே இல்லையே!" என்றான். தேனுக்கு இரண்டு விதி சேர்த்து மூன்றாம் முறை எழுதினாள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், யாராவது மறந்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. நான்காம் முறையாக நினைவூட்டல் எழுதினாள்.

அந்த நினைவூட்டலுக்கு இலை கொண்டு வந்தபோது சுக்கன் தலையைச் சொறிந்தான். "வேலம்மா, அந்த மரத்துல இனிமே..." என்று இழுத்தான்.

"பேசாமப் பறின்னு சொன்னேனா இல்லையா?"

சுக்கன் இலைகளை வைத்துவிட்டுப் போனான். முள்ளம்பன்றிக்கு நிமிர்ந்து மரத்தைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. வேலம்மாவும் பார்க்கவில்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். யானை கடைசியில் வந்தாள். விழுந்த நாவல்பழத்தைத் தின்றார்கள். குளத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். பழைய கதை பேசிச் சிரித்தார்கள். சாப்பிட்டு முடித்த இடத்தில் நாலைந்து கொட்டைகளைத் தவிர ஒன்றுமே இல்லை.

"பலே வேலம்மா! குப்பைன்னு சொல்ல ஒரு துரும்புகூட இல்லை!" என்று நரி நாகப்பனே பாராட்டினான்.

வேலம்மாவுக்கு நெஞ்சு பூரித்தது. ஆனாலும் ஆட்களை எண்ணிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியுமா? எண்ணினாள். தன்னையும் சேர்த்து முப்பது பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி வரவில்லை.

வராதவள் தையல்சிட்டு சின்னி.

வேலம்மாவின் முகம் வாடிப்போயிற்று. படிக்கிற காலத்தில் முள் குத்தும் என்று அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சின்னி ஒருத்திதான் உட்காருவாள். அத்தனை பேரும் பாராட்டி என்ன? அந்தச் சின்னி பார்க்கவில்லையே!

வருத்தம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. "நாலு தடவை எழுதியும் வரலைன்னா என்ன அர்த்தம்? நேர்லயே போய்க் கேட்கிறேன்!" என்று கிளம்பினாள்.

சுக்கன் குறுக்கே வந்து நின்றான். "போகாத வேலம்மா."

"ஏன்?"

"அவ இந்த வருஷம் கூடு கட்டியிருக்கிறது... அந்தத் தேக்குமரத்துலதான்."

"எந்தத் தேக்குமரம்?"

"நாம பறிச்சோமே, அதுதான். கூடு தச்சிருந்த ரெண்டு இலையை மட்டும் விட்டுட்டேன். மத்ததெல்லாம் உன் அழைப்புக்குத்தான் போச்சு."

"அடப்பாவி! ஏண்டா சொல்லலை?"

"ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். ரெண்டு தடவையும் பேசாமப் பறின்னுட்டே!"

வேலம்மா ஓட்டமாக ஓடினாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அந்த மரத்தைப் பார்த்தாள். மரம் மொட்டையாக நின்றது. தாழ்வான கிளை ஒன்றில் இரண்டே இலை. அந்த இலைகளைச் சேர்த்துத் தைத்த கூட்டில் மூன்று குஞ்சுகள். உச்சி வெயில் நேராக அவற்றின் மேல் விழாதபடி, கூட்டின் விளிம்பில் நின்று இறக்கைகளை விரித்துக்கொண்டிருந்தாள் சின்னி. வெயிலில் அவள் வாய் பிளந்திருந்தது.

"வாடி வேலம்மா," என்றாள் சின்னி. குரல் கம்மியிருந்தது. "கோபிச்சுக்காத. இறக்கையை மடக்கினா குஞ்சுங்க வெந்துபோகும். அதான் வரலை. உன் அழைப்பு நாலும் வந்துது. பச்சை இலையைப் பறிக்காதீங்கன்னு எழுதியிருந்தியே, ரொம்ப அழகான எழுத்து. என் வீட்டு இலையிலதான் எழுதியிருந்துது."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அதனால்தான் வேலம்மாவுக்கு அது அதிகமாகக் குத்தியது. விறைத்து நின்ற முள்ளெல்லாம் படுத்துவிட்டன.

"குஞ்சுங்க கடைசியா எப்போடி சாப்பிட்டுது?"

"விடியக்காலம், வெயில் வர்றதுக்கு முன்னாடி."

வேலம்மாவால் மரம் ஏற முடியாது. நிழல் தரவும் முடியாது. அவளால் முடிந்தது கத்துவது ஒன்றுதான். கத்தினாள். கத்திய கத்தலில் குளத்தங்கரையே எழுந்து ஓடி வந்தது. புல்லை மிதிக்கக் கூடாது என்று வரிசை கட்டிக்கொண்டு ஒருவரும் வரவில்லை.

"குண்டுமணி, இந்தக் கிளைக்குப் பக்கத்துல வந்து நில்லு! காதை விரி!"

"யானை ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு பதினஞ்சாவது விதி இருக்கே?" என்று தயங்கினாள் குண்டுமணி.

"விதியைத் தூக்கிக் கடாசு!"

குண்டுமணி காதை விரித்தாள். பந்தல் போட்டது மாதிரி நிழல் விழுந்தது. சின்னி இறக்கைகளை மெல்ல மடக்கி அப்படியே கூட்டுக்குள் சரிந்தாள். குஞ்சுகள் இரை கேட்டுக் கீச்சிட்டன. வேலம்மா அடிமரத்து மண்ணைப் பரபரவென்று தோண்டினாள். வெளியே வந்த புழுக்களையெல்லாம் சுக்கன் மேலே கொண்டுபோய்க் கொடுத்தான்.

சாயங்காலம் கலைந்து போக வேண்டிய கூட்டம் கலையவில்லை. குண்டுமணிக்குக் கால் வலித்தபோது மயில் தோகையை விரித்தான். மயில் அலுத்தபோது கரடி கிளையில் ஏறி உட்கார்ந்தான். கரடியின் கனத்துக்குக் கிளை கிறீச்சிட்டதும் எல்லோரும் அலறி அவனை இறக்கினார்கள். வேலம்மா தினமும் புழு தோண்டினாள். சின்னி போதும் போதும் என்றாலும் நிறுத்தவில்லை. அந்த வருஷக் கூட்டம் பதினோரு நாள் நடந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தேக்கு துளிர்விட ஆரம்பித்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் மூன்று குஞ்சுகளும் பறந்தன.

"அடுத்த வருஷம் யார் பொறுப்பு?" என்று கேட்டான் நாகப்பன்.

வேலம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"வேலம்மாவே நடத்தட்டும்," என்றாள் சின்னி. "இனிமே அவளை மாதிரி ஜாக்கிரதையா நடத்த வேற யாரால முடியும்?"

"நடத்துறேன்," என்றாள் வேலம்மா. "ஆனா எழுத மாட்டேன். ஒவ்வொரு வீடா நடந்து போய் வாயால கூப்பிடுறேன்."

ஊருக்கு விதி எழுதுகிறவர்கள், எழுதும்போது தங்கள் கை எதைப் பாழாக்குகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.