துவரை இன்னும் முத்தவில்லை

பட். பட். பட்.

அடுப்படியில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த திம்மராயன் கையை நிறுத்தினார். கொல்லையில் யாரோ காய் பறிக்கிறார்கள். குரங்காக இருந்தால் கிளை முறிகிற சத்தம் கேட்கும். இது அவசரமில்லாத கை.

விறகுக்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆளுயரத் துவரைச் செடிகளுக்கு நடுவே சாமியம்மா நின்றிருந்தார். மடி நிறையப் பச்சைக் காய்.

“அடிக்கிறதுன்னா அடிச்சிருங்க. மடி கனமா இருக்கு, என்னால ஓட முடியாது.”

திம்மராயன் கட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்தைத் தனியாளாக நடத்துகிறவர் சாமியம்மா. திம்மராயனைவிடப் பத்து வயது இளையவர். திம்மராயன் கல்யாணச் சமையல்காரர். ஆயிரம் இலைப் பந்தியையும் அலட்டிக்கொள்ளாமல் முடித்தவர். மனைவி இறந்துபோன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். மனசு அடங்குகிற வரைக்கும் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று விளக்கைத் தொட்டுச் சொன்னார். சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சாமியம்மா அன்றைக்கு “உங்க இஷ்டம்” என்றதோடு சரி.

துவரை திம்மராயன் விதைத்தது. ஆட்டுக்கும் குரங்குக்கும் காவல் காத்து வளர்த்தது.

“இன்னும் முத்தலையே சாமி. பருப்புக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. காஞ்சதும் அடிக்கலாம்னு இருந்தேன்.”

சாமியம்மா ஒரு காயைப் பிதுக்கி மணிகளை வாயில் போட்டுக்கொண்டார்.

“இனிக்குது. உங்க பொண்ணு வந்திருக்கா. வேப்பமரத்தடியில உக்காந்திருக்கா. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததுல மூச்சு வாங்குது.”

கட்டை நழுவிக் கீழே விழுந்தது.

மஞ்சுளாவுக்கு ஏழாம் மாசம். வயிறு மட்டும்தான் கர்ப்பிணி மாதிரி இருந்தது. கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, மற்றதெல்லாம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல.

“என்னம்மா இப்படி ஆயிட்டே?”

“ரத்தம் இல்லையாம்பா. மாத்திரை போட்டா வாந்தி. பருப்பு தின்னா வயிறு உப்புது. கஞ்சி ஒண்ணுதான் நிக்குது.” புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்டு முடிச்சதும் பொறந்த வீட்டு ஆளு வந்து கூட்டிட்டுப் போகணும். உன் பக்கம் யாரு வர்றாங்கன்னு மாமியார் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்ல?”

திம்மராயன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“உங்க சித்தி…”

“சித்தி தயாராத்தான் இருக்காங்க. நான் உங்களைக் கேக்கறேன்.”

“வீட்டுக்குள்ள காலை வச்சா உங்கம்மாவோட அடுப்பு நிக்கும்மா. நான் உடைஞ்சு போயிருவேன். புள்ளத்தாச்சி முன்னாடி அழுதுகிட்டு நிக்கவா என்னைக் கூப்பிடறே? கொஞ்ச நாள் போகட்டும். மனசு ஒரு நிலைக்கு வரட்டும்.”

“பாப்பா அதுவரைக்கும் உள்ளயே இருக்குமாப்பா?”

சாமியம்மா மடியிலிருந்ததை முறத்தில் கொட்டினார்.

“பேச்சு அப்புறம். உரிங்க.”

மூன்று பேரும் உரித்தார்கள். உரித்த மணிகளை எடுத்துக்கொண்டு திம்மராயன் அடுப்படிக்குப் போனார். கைக்குப் பழகிய வேலை. பானை நிறையத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோடா. மணிகள் செடியில் இருந்ததைவிடப் பச்சையாக வெந்து வந்தன. தண்ணீரை ஒட்ட வடித்து வாழை மரத்தடியில் கொட்டினார். கடுகு தாளித்து, தேங்காய் தூவி, தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

சாமியம்மா தட்டைப் பார்க்கவில்லை. வாழையைப் பார்த்தார்.

“அதுக்கு எத்தனை மாசம்?”

“எதுக்கு சாமி?”

“வாழைக்கு.”

மஞ்சுளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, எங்க நர்ஸக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. பச்சைத் துவரையில ரத்தம் ஊற வைக்கிற சத்து இருக்கு, பாப்பா வளர்றதுக்கும் இருக்கு. நெல்லிக்காயில இருக்கே, அந்தச் சத்துகூடக் கொஞ்சம் இருக்காம். காஞ்ச பருப்புல அது இருக்காதாம். ஆனா சோடா போட்டா அழிஞ்சு போயிருமாம். தண்ணியில வேற பாதி இறங்கிருமாம். அவிச்ச தண்ணியைக் கொட்டாதேன்னாங்க.”

திம்மராயன் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருசமா வடிச்சுக் கொட்டியிருக்கேனே. நிறம் மாறக் கூடாதுன்னு.”

“பந்தியில நிறம் கேப்பாங்கதான்,” என்றார் சாமியம்மா. “இங்க யாரு பந்தியில உக்காந்திருக்கா?”

திம்மராயன் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். இந்தத் தடவை அவரே பறித்தார். விதைக்கென்று துணி கட்டி வைத்திருந்த செடியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதில் திரண்ட காயாகப் பார்த்து ஒடித்தார்.

கொஞ்சமாகத் தண்ணீர், சோடா இல்லை. வெந்த மணிகள் மங்கி, பாசி நிறத்துக்கு வந்தன. பந்தியில் வைத்தால் மானம் போகும். தண்ணீரைக் கொட்டாமல் இறுத்து, அதிலேயே பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, உப்புச்சாறாகக் கொதிக்க விட்டார். இறக்கி வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தார். கேழ்வரகுக் களி ஒரு உருண்டை, நடுவே குழி, குழியில் சாறு, பக்கத்தில் துவரை.

மஞ்சுளா பிட்டுத் தொட்டு விழுங்கினாள். திம்மராயன் அவள் தொண்டையையே பார்த்தபடி நின்றார். அவள் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடினாள். வாந்தியெடுக்க வாசல் பக்கம் ஓடுவாள் என்று அவர் வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“நிக்குதுப்பா,” என்றாள். பிறகு, “இன்னொரு உருண்டை போடுங்க.”

திம்மராயன் தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். நின்றபடியே அழுதார். கேட்கிற மாதிரியே அழுதார். மஞ்சுளா எழுந்து வரவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

“சாறும் ஊத்துங்கப்பா,” என்றாள் வாயில் களியோடு.

ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அவள் சாப்பிட்டு முடித்து, மரத்தடியில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தாள். உதடு இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பசி ஆறிய முகம். திம்மராயன் சாமியம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“இன்னும் அடங்கலையே சாமி. இப்பவும் பாருங்க, புள்ளை முன்னாடியே அழுதுட்டேன்.”

“பாத்தேன். அவ ரெண்டாவது உருண்டை வாங்கினதையும் பாத்தேன்.”

“நான் எப்பத்தான் முத்துறது?”

சாமியம்மா முறத்தில் மிச்சமிருந்த பச்சைக் காய் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“எதுக்கு? விதைக்கா, சோத்துக்கா?”

திம்மராயன் அந்தக் காயை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை நானே வர்றேன். எத்தனை இலைம்மா?” என்று தலை நிமிராமல் கேட்டார்.

பாயிலிருந்து மஞ்சுளா கணக்குச் சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டு, அவர் உரிக்க ஆரம்பித்தார்.