சாத்தாத வாசல்

“அம்மா, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது” என்றார் ஆவுடையப்பன்.

மடத்தை நடத்தும் சாமியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எப்போ இருந்து?”

“வேலையை விட்டதிலிருந்து. வருஷம் ஒண்ணு ஆகப்போகுது.”

“என்ன வேலை பாத்தீங்க?”

“ரயில்வே கேட் கீப்பர். ஊருக்கு வெளியே, ரோடு தண்டவாளத்தைத் தாண்டுற இடம். வண்டி வந்தா கேட்டைச் சாத்தணும், போனா திறக்கணும். பெரும்பாலும் ராத்திரி முறை.”

“ஜாதிக்காய்?”

“பாலில் இழைச்சுக் குடிச்சேன்.”

“உள்ளங்காலுக்கு எண்ணெய்?”

“விளக்கெண்ணெய் பாத்தாச்சு, நல்லெண்ணெய் பாத்தாச்சு.”

“மத்தியானத்துக்கு மேல காப்பி?”

“விட்டாச்சு. சாயங்காலம் நடக்கேன். வெந்நீரில் குளிக்கேன். வடக்கே தலை வைக்கிறதில்லை.”

“எங்க எல்லாரையும்விட உங்களுக்கு மருந்து தெரியுதே அண்ணாச்சி. நான்தான் உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும்.”

அது கேலியா, இல்லை நிஜமாகவே சொல்கிறாரா என்று ஆவுடையப்பனுக்குப் பிடிபடவில்லை. சாமியம்மா அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். தன்னில் இளைய ஒரு பெண்ணிடம் வந்து, தூங்கச் சொல்லித்தாருங்கள் என்று நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. நாயும் கோழியும் யாரிடம் போய்க் கற்றுக்கொண்டன?

ஆனால் வேறு வழி இல்லை. மகள் வீட்டில்தான் இருந்தார். ராத்திரியெல்லாம் எழுந்து நடமாடியதில் பேரன் பயந்துபோனான். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் பெரிதாக இருந்தது. கடைசியில் மகளே சொன்னாள். “எங்கேயாவது போய்த் தூங்கக் கத்துக்கிட்டு வாங்கப்பா. அப்புறம் சாகுற வரைக்கும் இங்கேயே இருங்க.”

“தூக்கம் வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார் சாமியம்மா.

“தூங்குவேன்.”

“தூங்கினா?”

“தூங்கினா யாரு பாக்கிறது?”

சொன்ன பிறகுதான் ஆவுடையப்பனுக்கே தூக்கிவாரிப்போட்டது.

“எதை?”

“தெரியலம்மா.”

சாமியம்மா கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

*

அது மலையடிவாரத்து மடம். ரயில் சத்தம் எட்டாத ஊர். ஆவுடையப்பன் பாத்தி வெட்டினார், தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார். உடம்பு அடித்துப் போட்டது போல் ஆனது. படுத்தால் கண் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. களைப்பும் தூக்கமும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

அந்த மடத்தின் இரும்புக் கதவைச் சாத்துவதே இல்லை. எந்த நேரத்தில் பசித்து வருகிறவனும் தட்டிவிட்டு நிற்கக் கூடாது என்று முதலில் இருந்தவர் வைத்த வழக்கம். கீல்கள் துருவேறிப்போயிருந்தன.

வாரம் முடியும் முன்னே, அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிமுத்து சாமியம்மாவிடம் வந்து நின்றார்.

“அம்மா, இந்த அண்ணாச்சி ராத்திரி எந்திரிச்சுக் கதவைச் சாத்துதாரு. சத்தம் மலைக்கே கேக்கும். டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்காரு. பொறவு திறந்து விட்டுட்டு வந்து படுக்காரு. ஒரு தடவைன்னாலும் பரவாயில்லை.”

“தினமுமா?”

“தினமும். அவருக்குத் தூக்கம் வரலேன்னு வந்தாரு. இப்போ எங்க ஒருத்தருக்கும் தூக்கமில்லை.”

சாமியம்மா ஆவுடையப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏன் சாத்துறீங்க?”

“தெரியலம்மா.”

“எப்பெப்போ?”

அவர் வாய் தானாகச் சொன்னது. “முதல்ல மெயில். பிறகு கூட்ஸ். விடியறதுக்கு முன்னே பாசஞ்சர்.”

“இங்கே தண்டவாளமே இல்லையே.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரியறது ஒரு பக்கம் இருக்கும்மா. கால் அதுபாட்டுக்குப் போயிடுது. எது நான்னு எனக்கே விளங்கலை.”

பேச்சிமுத்து வாய்க்குள் சிரித்தார். சாமியம்மா சிரிக்கவில்லை.

“அங்கே முறை முடிஞ்சா எப்படிக் கிளம்புவீங்க?”

இதை எதற்குக் கேட்கிறார் என்று ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னார்.

“மாத்து ஆள் வரணும். வந்ததும் ரெண்டு பக்கமும் பாப்பான். கொடி, விளக்கு, சாவி கை மாறும். அடுத்து என்ன வண்டின்னு நான் சொல்லணும். ‘நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க’ன்னு அவன் சொல்லணும். அந்தச் சொல் வராம நகர முடியாது. எங்க அம்மா செத்த சேதி வந்தப்பவும், மாத்து ஆள் வர்ற வரைக்கும் கேட்டுலதான் நின்னேன்.”

“கடைசி நாள் யாரு வந்தா?”

“அதிகாரிங்க வந்தாங்க. தண்டவாளத்துக்கு அடியிலே சுரங்கப்பாதை வந்துட்டுது, இனி கேட்டு வேண்டாம்னுட்டாங்க. மாலை போட்டாங்க. இனிப்பு கொடுத்தாங்க. கொடியையும் விளக்கையும் ஜீப்பில் எடுத்துப் போட்டாங்க.”

“மாத்து ஆள்?”

“கேட்டே இல்லை. மாத்து ஆள் எதுக்கும்மா?”

சாமியம்மா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

*

“அம்மா வாயால போகச் சொல்லமாட்டாங்க. நாமதான் குறிப்பறிஞ்சுக்கிடணும்” என்றார் பேச்சிமுத்து. “மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க அண்ணாச்சி. ரசம் வச்சிருக்கேன்.”

ஆவுடையப்பன் சாப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெயில் சுட்டது.

மகளிடம் என்ன சொல்வது? போன இடத்திலும் துரத்திவிட்டார்கள் என்றா? கேட்டது தூக்கத்தைப் பற்றி. அந்த அம்மாள் விசாரித்தது வேலையைப் பற்றி. ஒருவேளை பதில் சொல்லியிருந்து, தனக்குத்தான் காதில் விழவில்லையோ?

கதவுக்குப் பக்கத்தில் சாலையைப் பார்த்தபடி நின்றார். கால் நகரவில்லை.

பின்னால் காலடி கேட்டது.

சாமியம்மா வந்து அவர் அருகில் நின்றார். சாலையின் மேற்கே பார்த்தார். கிழக்கே பார்த்தார். இரண்டு பக்கமும் ஆளில்லை. பிறகு கையை நீட்டினார்.

“கொடுங்க.”

“என்னத்தைம்மா?”

“கையில் என்ன இருக்கோ அதை.”

பைக்குள்ளிருந்து டார்ச்சை எடுத்துக் கொடுத்தார்.

“அடுத்து என்ன வண்டி?”

இது விளையாட்டா? இத்தனை வயதில் தன்னை வைத்து விளையாடுகிறார்களா? சாமியம்மா முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை. தூற்றலில் நனைந்தபடி வந்து கேட் கொட்டகை ஓரம் நிற்கும் மாற்று ஆளின் முகம் போல, கொஞ்சம் அலுப்பாக, கவனமாக இருந்தது.

“கூட்ஸ்” என்றார் ஆவுடையப்பன். “மேற்கே இருந்து வரும். நீளமான வண்டி. கடைசிப் பெட்டி போறதுக்குள்ளே சைக்கிள்காரங்க குனிஞ்சு நுழையப் பாப்பாங்க. விட்டுடாதீங்க.”

“விடமாட்டேன்.”

“கதவு கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும்.”

“சரி. நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க.”

ஆவுடையப்பன் இரண்டடி எடுத்து வைத்தார். திரும்பினார்.

“அம்மா, நிஜமாவேவா?”

சாமியம்மா கதவில் கை வைத்தார். மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதில் ஓரம் புங்கமர நிழல் இருந்தது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். முதுகு வலித்தது. பையைத் தலைக்கு வைத்தார். சாமியம்மா சாமர்த்தியசாலியா, தன்னைப் போலவே ஒரு கிறுக்கா என்று யோசிக்கத் தொடங்கினார். யோசனை பாதி வழியில் எங்கேயோ நின்றுபோனது.

*

கதவு கிறீச்சிட்ட சத்தம் கேட்டு, கரண்டியும் கையுமாகப் பேச்சிமுத்து ஓடிவந்தார்.

“பட்டப்பகலிலேயே ஆரம்பிச்சுட்டாரா இந்த மனுஷன்?”

மரத்தடியில் ஆவுடையப்பன் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாத்திய கதவின் பக்கத்தில் டார்ச்சோடு சாமியம்மா நின்றார். வெளியே ஒரு சைக்கிள்காரர், விஷயம் தெரியாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தார்.

“அம்மா, கதவைத் திறங்க. சோறு ஆறுது.”

“மெதுவாப் பேசு” என்றார் சாமியம்மா. “வண்டி போகட்டும்.”