ஒரு பெட்டி, ஒரு பெயர்

சும்மா இருக்கத் தெரியாத கை சிலருக்கு வாய்த்துவிடும். பெரம்பூர் வன்மதிக்கு வாய்த்தது அப்படிப்பட்ட கை. பகலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களுக்கு ஃபில்டர் மாற்றுவாள். மாலையானால் யாருடைய கிடார் பெடலையாவது திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடந்து, காலால் மிதித்ததும் சத்தத்தை உறும வைக்கிறதே, அந்தச் சின்ன அலுமினியப் பெட்டிதான் பெடல். யாரோ செய்ததை இவள் திருத்தித் தருவாள். பெட்டி மேல் செய்தவர் பெயர் இருக்கும். திருத்தியவளுக்குப் பெயர் ஏது? ஆறு வருஷமாக இந்த ஆற்றாமை அவளை அரித்துக்கொண்டிருந்தது.

திருத்தும்போது அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய எதையும் குப்பையில் போடமாட்டாள். மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டி, அது என்ன, யாருடைய வேலை என்று பக்கத்திலேயே எழுதுவாள். வேண்டாமென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

அவளோடு பாலிடெக்னிக்கில் படித்த நண்பர்கள் இருவர். ஜெபராஜ் பெடல் செய்பவன். ரிச்சி தெரு எலெக்ட்ரானிக் கடைகளில் பாகங்களைப் பொறுக்கி வந்து பூட்டி, மேலே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் ஒட்டுவான். குமரேசன் கிடார் வாசிப்பவன். கிடாரைத் தொட்டால் அசத்திவிடுவான். மற்ற எல்லாவற்றிலும் சோம்பேறி. வாசித்து முடித்ததும் பெடலிலிருந்து கேபிளைப் பிடுங்கவே மாட்டான். கேபிள் சொருகியிருக்கும்வரை உள்ளே பேட்டரி தேய்ந்துகொண்டேதான் இருக்கும் என்று வன்மதி நூறு முறை சொல்லியாயிற்று.

ஜெபராஜ் செய்து கொடுத்த பெடலில் குமரேசன் ஒரு மெட்டை வாசித்து, பதிவு செய்து, வடபழனியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்பினான். அங்கே இன்ஜினியர் மீரான் அதைக் கேட்டார். பழைய துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். ஒவ்வொரு ஸ்வரமும் விக்கி விக்கி அறுந்தது. மனுஷர் மயங்கியே போனார்.

"சனிக்கிழமை பத்து மணிக்குப் பெட்டியோட வாங்க. இதைச் செஞ்சவரும் வரட்டும். எனக்கு இங்க பெடல் செய்ய ஒரு ஆள் வேணும்" என்றார் போனில்.

வெள்ளிக்கிழமை மாலை குமரேசன் பெட்டியை வன்மதியிடம் கொண்டுவந்து வைத்தான். "நாளைக்கு ரெக்கார்டிங், மதி. சொதப்பாம இருக்கணும். ஒரு தடவ பாத்துடு."

திறந்தாள். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் கால் மாறி நின்றது. கம்பெனிக்குக் கம்பெனி அந்தக் கால்களின் வரிசை வேறுபடும். ஜெபராஜ் கவனிக்காமல் தலைகீழாக வைத்துவிட்டான். ஒன்பது வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி ஆறில் தள்ளாடியது. கை சும்மா இருக்குமா? டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்தாள். புது பேட்டரி போட்டாள். பழையதை மூடியில் ஒட்டினாள். பெடல் சுத்தமாக முழங்கியது, கடையில் வாங்கும் எந்தப் பெடலும் முழங்குவதுபோலவே.

வாசித்துப் பார்த்த குமரேசனுக்கு முகம் செத்துப்போனது. "என் சத்தம் எங்க, மதி?"

வன்மதி டிரான்சிஸ்டரை மறுபடி தலைகீழாக வைத்துப் பார்த்தாள். கிழிசல் வந்தது, விக்கல் வரவில்லை. எழுந்தாள், நடந்தாள், உட்கார்ந்தாள். ஸ்க்ரூடிரைவரை விரலிடுக்கில் சுழற்றிக்கொண்டே மறுபடி எழுந்தாள். ஊருக்கெல்லாம் திருத்திக் கொடுத்தவள் சிநேகிதன் பிழைப்பைக் கெடுத்துவிட்டாளே என்று பதறிக்கொண்டிருந்தவளின் கண்ணில் மூடியில் ஒட்டிய பழைய பேட்டரி பட்டது. எடுத்து மாட்டினாள். விக்கலும் வந்தது.

ஆக, ஒருவன் தவறும் இன்னொருவன் சோம்பலும் கூடிப் பெற்ற சத்தம் அது! ஆனால் சாகக் கிடக்கும் பேட்டரி நாளைவரை தாங்குமா? புது பேட்டரியையே போட்டு, அதன் வோல்டேஜை ஆறுக்கு இறக்க ஒரு சின்னக் குமிழ் வைத்தாள். பழையதை மறுபடி மூடியில் ஒட்டி, வழக்கம்போல் எழுதினாள். பெட்டியைப் பூட்டினாள்.

மறுநாள் மூவரும் போனார்கள். வழியிலேயே குமரேசன் நடந்ததை எல்லாம் ஜெபராஜிடம் உளறிவிட்டான். கூடத்தில் குமரேசன் வாசித்துக் காட்ட, மீரான் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதேதான்! இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும். மேல ஒட்டின பேரு இருக்கட்டும், மூணு பேரு வந்திருக்கீங்க. இனிமே பெட்டி மேல நான் ஒரு பேருதான் போடுவேன். அந்தப் பேருக்காரருக்குத்தான் இங்க வேலை. யாரோடது இது?"

"என்னோடது சார்" என்றான் ஜெபராஜ். "ஒவ்வொரு பாகமும் நான் பூட்டினது. டிரான்சிஸ்டர் தலைகீழா இருக்கா? இருக்கட்டும். தப்புன்னாலும் என் கைத் தப்பு."

"பேட்டரியத் தேய விட்டவன் நான். இந்தச் சத்தம்தான் வேணும்னு புடிச்சு வாசிச்சவனும் நான். பேரு என்னோடது போடுங்க, வேலைய யாரு வேணா பாக்கட்டும்" என்றான் குமரேசன்.

வன்மதியின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த வேலை அவளுக்கு வேண்டும், அடிவயிற்றிலிருந்து வேண்டும். நண்பர்களை மிதித்துக் கேட்கவும் நா எழவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொன்னாள். "நேத்து இதக் கெடுத்தவ நான் சார். திருப்பிக் கொண்டுவந்தவளும் நான்."

மீரான் பெட்டியைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினார். உள்ளே எழுதியிருந்ததைப் படித்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பூட்டியவன், வாசித்தவன், கெடுத்து மீட்டவள். பெட்டி மேல் யார் பெயர் வர வேண்டும்?

விடை: வன்மதியின் பெயர். ஜெபராஜ் இல்லாமல் பெட்டியே இல்லை, குமரேசன் இல்லாமல் அதன் அருமை தெரிந்திருக்காது, இரண்டும் உண்மை. ஆனால் அந்தச் சத்தம் எதனால் பிறந்தது என்று இருவருக்குமே தெரியாது. இன்று தெரிகிறதென்றால் அது அவள் கண்டுபிடித்ததால் தெரிந்தது. மீரானுக்கு வேண்டியது இன்னும் இரண்டு செய்யக்கூடிய கை. மூடிக்குள் இருந்ததும் அதையே சொன்னது: "தலைகீழ் டிரான்சிஸ்டர் - ஜெபராஜ். தேய்ந்த பேட்டரி - குமரேசன். வோல்டேஜ் குமிழ் -" அதற்குப் பிறகு வெறும் டேப். மற்றவர் பங்கை மறக்காமல் எழுதியவளுக்குத் தன் பெயரை எழுதிப் பழக்கமில்லை. மீரான் பேனாவை அவளிடம் நீட்டினார். அதுவரை ஒரு நிமிஷமும் ஓய்ந்திராத அந்தக் கை, பேனாவை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது.