சத்தமில்லாமல் ஓடும் உலோகம்

சோடியம் உருகி ஓடும் குழாய்களுக்கு நடுவே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள்.

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் மங்கையர்க்கரசி. கடற்கரையோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சோடியம் சோதனைப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. சீடர் தவசிமணிக்கு ஐம்பத்திரண்டு. தெற்கே ஓர் அனல்மின் நிலையத்தில் பாதி ஆயுளைக் கொதிகலனோடு கழித்துவிட்டு மாற்றலாகி வந்தவர்.

குரு, சீடர் என்று பெயர் வைத்தது மற்றவர்கள். கேலியாகத்தான். தவசிமணி எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். மங்கையர்க்கரசி சலிக்காமல் பதில் சொல்வார்.

வந்த புதிதில் தவசிமணி கேட்டார்.

"மேடம், சூட்டைக் கொண்டுபோக தண்ணி போதாதா? எதுக்கு இந்த ஆபத்து பிடிச்ச உலோகம்?"

"தண்ணி கொதிச்சு ஆவியாயிடும் அண்ணாச்சி. இது அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. ஒரு பக்கம் வாங்கின சூட்டை மறுபக்கம் சட்டுனு கொடுத்திடும். அதுக்கு இதைப் போல ஆள் கிடையாது."

தவசிமணி குழாய்களைப் பார்த்தார். வெள்ளை உறை சுற்றிய தடித்த குழாய்கள். உள்ளே நானூறு டிகிரிக்கு மேல் கொதிப்பில்லாமல் ஓடும் உலோகம். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதிதான் அவரைப் பயமுறுத்தியது. பழைய இடத்தில் நீராவி கசிந்தால் சீறும். காது கேட்கும், கால் ஓடும். இது கசிந்தால் யாருக்கு என்ன தெரியும்? காற்றில் பட்டால் எரியும். தண்ணீரில் பட்டால் வெடிக்கும். அதுவரை வாய் திறக்காது.

ராத்திரி படுத்தால் அந்த வெள்ளைக் குழாய்கள் கண்ணுக்குள் வந்தன. மனைவியிடம் சொல்லவில்லை.

ஒருநாள் மங்கையர்க்கரசியிடமே கேட்டுவிட்டார்.

"கசிஞ்சா எப்படித் தெரியும்?"

மங்கையர்க்கரசி அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழலை எடுத்தார். இரண்டு முனையும் மூடியிருந்தது. உள்ளே பாதிக்குப் பாதரசம். ஒவ்வொரு முனையிலும் ஒரு கம்பி. அவற்றை பேட்டரியோடும் சின்ன பல்போடும் இணைத்தார்.

குழலைப் படுக்க வைத்தார். பாதரசம் நீளமாகப் பரவி இரண்டு முனையையும் தொட்டது. பல்பு எரிந்தது. ஒரு பக்கம் சாய்த்தார். பாதரசம் முழுவதும் அங்கே ஓடிப்போய்க் குவிந்தது. பல்பு அணைந்தது.

"திரவமாச்சே. மின்சாரம் எப்படிப் போகுது?" என்றார் தவசிமணி.

"உருகினதுல உருவம்தான் போச்சு. உள்ளே கட்டில்லாம அலையற எலக்ட்ரான் எல்லாம் அப்படியே இருக்கு. உலோகம் உலோகம்தான்."

பிறகு அவரைக் குழாய்ப் பக்கம் அழைத்துப்போய் உறை பிரித்துக் கிடந்த ஓர் இடத்தைக் காட்டினார். குழாயைச் சுற்றி மெல்லிய கம்பி ஓடியது. குழாயில் அது படாமல் இருக்க, கம்பி நெடுகிலும் பீங்கான் மணிகள் கோத்திருந்தன.

"ஒரு சொட்டு கசிஞ்சாப் போதும். கம்பியையும் குழாயையும் அதுவே சேர்த்து வச்சிடும். மின்சாரம் பாயும். கட்டுப்பாட்டு அறையில அலாரம் அடிக்கும்."

"அதுவே தன்னைக் காட்டிக்கொடுக்குமா?"

"ஆமா."

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கம்பிகள் வந்து சேரும் பெட்டிகளில் ஈரம் இறங்கியது. ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து அலாரம் கண்ட நேரத்தில் அடித்தது. ஒவ்வொரு தடவையும் முகக்கவசம் மாட்டி, தோல் கையுறை போட்டு, உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் தவசிமணி கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"மேடம், மழை விடற வரைக்கும் அதை நிறுத்தி வச்சா என்ன? ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நின்னு போகுது."

"நின்ன நெஞ்சு திரும்ப அடிக்குதில்ல?" என்றார் மங்கையர்க்கரசி. "இருக்கட்டும்."

மறுநாள் மதியம் அவர் அடுத்த கட்டிடத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மழை சற்று முன்புதான் விட்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் தவசிமணியும் இளம் ஆபரேட்டர் பாரூக்கும் இருந்தார்கள்.

அலாரம் அடித்தது.

பாரூக் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தானை அழுத்தி அதை அடக்கினான்.

"ஈரம்தான் அண்ணாச்சி. காலையிலேயே ரெண்டு தடவை போயிட்டு வந்தாச்சு. உட்காருங்க."

தவசிமணி உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. எழுந்தார்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்திடறேன்."

"உங்க பயத்துக்கு மருந்தே கிடையாது," என்று பாரூக் சிரித்தான்.

முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு குழாய்க் கூடத்துக் கதவைத் திறந்தார். குழாய்கள் எப்போதும்போல அமைதியாக இருந்தன. கடைசி வளைவில், உறையின் பொருத்தில், சாம்பிராணிப் புகைபோல வெள்ளையாக ஓர் இழை மேலே போய்க்கொண்டிருந்தது.

அவர் கண் தானாகக் கீழே இறங்கியது.

புகைக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. கூரை ஒழுகுகிறதென்று காலையில் யாரோ வைத்தது. தரை ஈரமாகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஒழுகல் நின்றுவிட்டது. வாளியில் விளிம்பு வரை தண்ணீர்.

"பாரூக்! நிஜம்! இறக்கு! எல்லாத்தையும் தொட்டிக்கு இறக்கு!" என்று வாக்கிடாக்கியில் கத்தினார்.

சோடியம் முழுவதும் கீழ்த் தொட்டிக்கு வடியச் சில நிமிடங்கள் ஆகும். உறைக்கு அடியில் ஏதோ மஞ்சளாக மினுங்கியது.

ஓடிவிடு என்று உடம்பு சொன்னது. கால் திரும்பவும் செய்தது. வாளி அங்கேயே இருந்தது.

தவசிமணி அதனிடம் நடந்தார். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். தண்ணீர் தளும்பியது. சிந்தினால் தீர்ந்தது. மூச்சை அடக்கி, வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு, கோயில் குடம் சுமப்பவர்போல அடிமேல் அடி வைத்தார். தளும்பிய தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. தரையில் விழவில்லை.

கதவைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் பொத்தென்று ஏதோ விழுந்தது. திரும்பினார். வாளி இருந்த இடத்தில் ஒரு சொட்டு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

பாரூக் தீயணைக்கும் உலர்ந்த பொடியோடு ஓடிவந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இருவரும் சேர்ந்து அணைத்தார்கள். குழாய் காலியானதும் புகை நின்றது.

மங்கையர்க்கரசி வந்தபோது தவசிமணி வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது.

மங்கையர்க்கரசி உள்ளே போய் வளைவைப் பார்த்தார். தரையிலிருந்த கறையைப் பார்த்தார். திரும்பி வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மேடம், நான் வேற இடம் கேட்டுப் போயிடறேன்," என்றார் தவசிமணி. "இந்த வேலைக்குத் தைரியசாலி யாராவது வரட்டும். எனக்கு முடியலை. பாருங்க, கை எப்படி ஆடுதுன்னு."

மங்கையர்க்கரசி பார்த்தார்.

"பழகப் பழகப் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு இந்தப் பயம் எப்ப போச்சு, மேடம்?"

மங்கையர்க்கரசி தன் வலது கையை நீட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"போகலை," என்றார். "அதனாலதான் இருக்கேன்."